கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்

“சபையில இத்தன பேரு இருக்காவ. எனக்கு மட்டும் அவளுக்க பேரா விழணும்?”

தேவகனி பைபிள் பையைக் கட்டிலில் போட்ட வேகத்தில், மத்தியானத் தூக்கத்திலிருந்த சுந்தரராஜ் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“யாருக்க பேரு?”

“வேற யாரு? பூங்கனி!”

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சபைப் பெண்கள் சங்கத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் பெயர்ச் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர்தான் அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட். நூறு ரூபாய்க்குள் ஒரு பரிசு வாங்கி, ரகசியமாக வைத்திருந்து, பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் கொடுக்க வேண்டும்.

பூங்கனி எதிர்வீட்டுக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை தேவகனியும் அவளும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். மூத்த மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டாள் பூங்கனி. அன்றோடு பேச்சு நின்றது.

“துபாய் மாப்பிளைக்கு லீவு கொஞ்சம்தான் இருந்துது. அந்த அவசரத்துல…” என்று இழுத்தார் சுந்தரராஜ்.

“ரோட்டத் தாண்டி வர எத்தன நேரம் ஆவும்? வாட்ஸ்அப்ல விளிச்சவ, சோறும் அதுலயே போடுவாளா? அந்தப் பிள்ளைக்க கல்யாணத்துக்கு நான்தான் பயறும் பாகும் பிடிச்சு முந்திரிக்கொத்து சுடுவேன்னு, அது பாவாடை கட்டின காலத்துலேருந்து சொல்லிட்டிருந்தேன். கடைசியில எனக்க வாயில ஒண்ணுகூட விழல்ல.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சுந்தரராஜுக்கும் மனசு கனத்தது. பூங்கனியின் புருஷன் ஜெயசிங் அவருடைய பள்ளிக்கூடத்துச் சேக்காளி. இரண்டு வருஷமாக இரண்டு பேரும் அடுத்த ஊர் டீக்கடையில் ஒளிந்து ஒளிந்துதான் பேசிக்கொள்கிறார்கள்.

“பிடிக்கல்லன்னா சீட்ட வேற யாருகிட்டயாவது குடுத்து மாத்திக்க.”

“மாத்தவா? சீட்டுங்கது கர்த்தர் போடுகது. மனுசன் அதுல கை வைக்கப்பிடாது!”

மறுநாள் மார்த்தாண்டத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எங்கும் காகித நட்சத்திரங்கள் தொங்கின. சுந்தரராஜ் ஒரு பீங்கான் கப்பை எடுத்துக் காட்டினார்.

“அவ சில்வர் டம்ளர்லதான் கட்டஞ்சாயா குடிப்பா.”

“வசனம் எழுதின படம்?”

“அவளுக்க வீட்டுச் சுவர்ல இனி ஆணி அடிக்க இடமில்ல.”

“நல்ல மணமுள்ள சோப்பு?”

“தும்மியே செத்துருவா.”

பேசாத ஆளைப் பற்றி இத்தனை விவரமா என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்த அளவு புத்தி இருக்காதா!

ஒரு கண்ணாடிக் கடை வாசலில் தேவகனி நின்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறுகள் பல நிறத்தில் தொங்கின.

“கண்ணாடிய எங்கயாவது வச்சிட்டு வந்துருவா. முன்ன நான் பக்கத்துல நின்னு கீர்த்தனை எடுத்துக் குடுப்பேன். இப்ப சும்மா வாய அசைச்சிட்டு நிக்கா, பாவம்.”

“நீ அதப் பாத்தியா?”

“ரெண்டு வரிசை பின்னால நின்னு வேற எதப் பாக்க?” என்றவள், ஊதாக் கயிற்றை எடுத்தாள். “ஊதான்னா அவளுக்கு உயிரு.”

சனிக்கிழமை சபை மண்டபத்தில் புருஷன்மார் கடைசி வரிசையில் இருந்தார்கள். சுந்தரராஜும் ஜெயசிங்கும் நடுவில் இரண்டு நாற்காலி விட்டு, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

தேவகனி போய்ப் பொட்டலத்தை நீட்டினாள். முகம் வேறு பக்கம் பார்த்தது. பூங்கனி பிரித்தாள். பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து, கயிற்றில் கோத்து, மாட்டிக்கொண்டு தேவகனியை ஏறிட்டாள்.

“இப்பதான் உனக்க மூஞ்சி தெளிவா தெரியுது. ஏட்டி, மெலிஞ்சு போனியே மக்கா!”

அடுத்து பூங்கனியின் முறை. அவள் ஒரு தகர டப்பாவை எடுத்து, அதே தேவகனியின் கையில் வைத்தாள். மண்டபமே ‘ஆ’ என்றது.

“எனக்கு விழுந்தது உனக்க பேருதான்.”

டப்பா நிறைய முந்திரிக்கொத்து!

“கல்யாணத்துக்கு உள்ளது, இப்பதான் சுட்டேன். நீ இல்லாம பாகு சரியா வரல்ல. சின்னவளுக்க கல்யாணத்துக்கு உனக்க வீட்டு நடையில வந்து நின்னு விளிப்பேன்.”

தேவகனி ஒன்றைக் கடித்தாள். “பயறு கருகிப் போச்சு” என்றாள். அதோடு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. பூங்கனி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் ஜெயசிங் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் தைரியமாக உட்கார்ந்தார். சுந்தரராஜுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கேக் தட்டோடு வந்த சங்கச் செயலாளர் பிளஸ்ஸியிடம், “கர்த்தர் போட்ட சீட்டுக்க அழகப் பாத்தியா மக்கா?” என்றார்.

பிளஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

“கர்த்தர் போட்டதுல மாமிக்கு விழுந்தது ரத்தினம் டீச்சர் பேரு, மாமா. பூங்கனி மாமி பேரு எனக்குல்லா விழுந்துது! தேவகனி மாமி பின்னாலயே வந்து, கெஞ்சி மாத்திட்டுப் போனாவ. அவ்வோ அங்கோட்டுப் போன உடனே, பூங்கனி மாமி வந்து நிக்காவ, தேவகனி பேரு யாருகிட்ட இருக்கோ, அத எப்பிடியாவது வாங்கித் தான்னு. ரெண்டு பேரும் போகும்போது சொன்னது மட்டும் ஒண்ணுபோல: ‘யாரு கேட்டாலும், கர்த்தர் போட்ட சீட்டுன்னே சொல்லிரு!’”