காயாத கல்

ஏரி கொண்டுபோன புருஷனுக்காக, வனவிலங்குக் காப்பகத்துக்குள் இருந்த திபெத்தியக் கிராமத்து லுமோ நாளுக்கொரு முறை ஏரியை வலம் வந்து, சுற்றுக்கு ஒரு கல் அடுக்கினாள். பத்தாம் நாள் இருபது கல் இருந்தது. பாதி எந்த வெயிலுக்கும் காயவில்லை.

"அக்கா, பின்னாடி வர்றவர்கிட்டயும் சொல்லு, அஞ்சு மணிக்கு கேட்டைச் சாத்திருவேன்" என்றான் காவலாளி ஜம்யாங்.

திரும்பினாள். பனியில் அவள் தடம் மட்டுமே இருந்தது. ஒரு தடவை புருஷன் முகத்தைப் பார்த்தால் போதும் என்று, வந்த வழியே எதிர்த்திசையில் ஓடினாள்.

"ஐயோ, இடப்பக்கமாச் சுத்தாதக்கா! சுத்தினதெல்லாம் வீணாப் போயிரும்!"

முழுச் சுற்றிலும் யாரும் எதிர்ப்படவில்லை. குவியலில் பத்துக் கற்களே இருந்தன, எல்லாம் காய்ந்தவை. அங்கிருந்து ஓர் ஆணின் வெறுங்கால் தடங்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அவற்றின் விரல்கள் அத்தனையும் கரையை நோக்கியே இருந்தன.