அணையக் கூடாத சிகரெட்

சாமியாடியின் உதவியாள் சூச்சோ இரண்டாம் தடவையும் கேட்டான்.

"எறங்கியிருக்கிறது யாருப்பா? பேரைச் சொல்லு. பேர் தெரியாத கையைப் பிள்ளை மேல வைக்க விடமாட்டோம்."

 சாமியாடி எலியோ தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அறுபது வயது மனிதர், இடுப்பு வலிக்காரர். இப்போது இருபது வயதுப் பையன் மாதிரி ஒரு காலில் சாய்ந்து, கடைத்தெருவை நோட்டம் விடுகிறவன்போல நின்றார்.

கீழே, தரையில் பவுடரால் போட்ட கட்டத்துக்குள் ஆனிஸ் படுத்திருந்தாள். ஒன்பது வயது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய்த் திரும்பி வந்தது. நல்ல மதிய வெயிலிலும் அவளைச் சுற்றி மெழுகுவர்த்திகள் எரிந்தன.

ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டு இருந்தது, மருந்து இல்லை. ஒமைரா மகளைக் கூட்டிக்கொண்டு, நோய் தீர்க்கும் சாமியாடிகள் இருக்கும் சோர்தே மலைக்கு வந்தாள். அவளுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு பெண்தான்.

இந்தச் சன்னிதியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் செத்துப்போன ரௌடிகள். உயிரோடு இருந்தபோது எடுத்த உயிர்களுக்குப் பதிலாக, செத்த பிறகு நோய் தீர்க்கிறார்கள். அப்பாவியாகச் செத்தவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

எலியோ ஒரு சிகரெட்டை உருவினார். பற்றவைக்காமல், கட்டைவிரல் நகத்தில் மூன்று தட்டுத் தட்டினார்.

அந்தத் தட்டு ஒமைராவுக்குத் தெரிந்த தட்டு.

"என்ன கிழவி, ஊமையாயிட்டியா? பேரு வெச்சவ நீதானே. நீயே சொல்லு," என்றார் எலியோ.

உலகத்தில் அவளைக் கிழவி என்று கூப்பிட்டவன் ஒருவன்தான். அவளுடைய முப்பத்தைந்து வயதிலேயே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ஆறு வருஷமாக அவள் ஒரே கதையைச் சொல்லி வந்தாள். என் மகன் டெய்விஸ் ரொட்டி வாங்கப் போனவன். யாரையோ குறிவைத்துச் சுட்ட குண்டு அவன்மேல் பட்டுவிட்டது. பாதிரியாரிடம் சொன்னாள், தெருவில் சொன்னாள், எல்லாரையும்விட அதிகமாக நெரைதாவிடம் சொன்னாள்.

நெரைதா அடுத்த வீட்டுக்காரி. அவள் மகன் லூயிஸை எவனோ தெருப் படிக்கட்டில் சுட்டுப் போட்டான். நாலாம் நாள் ராத்திரி, அதே படிக்கட்டில் டெய்விஸ் விழுந்தான். இருட்டில் அவன் சிகரெட் பற்றவைத்த வெளிச்சத்தைக் குறிபார்த்துச் சுட்டிருந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு தாய்களும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே துண்டில் முகம் துடைத்தார்கள்.

டெய்விஸின் மெத்தைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சாக்கடையில் போட்டதை மட்டும் ஒமைரா சொல்லவில்லை. லூயிஸைச் சுட்ட துப்பாக்கி அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்றே ஒன்று. டெய்விஸ் ஒருநாளும் லைட்டர் வைத்துக்கொள்ளமாட்டான், எப்போதும் ஓசி நெருப்புதான். அன்றைக்கும் அவன் பையில் லைட்டர் இல்லை. அந்த இருட்டில் அவனுக்கு நெருப்புக் கொடுத்தது யார்?

நெரைதா இப்போது பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒமைராவுக்கு முழங்கால் வலி என்று, ஆனிஸை மலையடி ஆற்றங்கரையிலிருந்து முதுகில் சுமந்து ஏறியவள் அவள்தான். வேர்வை இன்னும் காயவில்லை.

பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது.

"யாருன்னு தெரிஞ்சா சொல்லித் தொலையேன் ஒமைரா!" என்று நெரைதாவே கத்தினாள். "பிள்ளை போயிடும்!"

ஒமைரா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"டெய்விஸ். என் மகன் டெய்விஸ்."

ஆறு வருஷத்துப் பொய் ஒரே மூச்சில் போயிற்று. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, பக்கத்தில் நிற்பவளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

எலியோ குனிந்து ஆனிஸின் நெஞ்சில் கை வைத்து அழுத்தினார். பிள்ளை பலமாக இருமினாள். கட்டியாகச் சளி வந்து விழுந்தது. அப்புறம் ஒரு மூச்சு, முழு மூச்சு, உள்ளே போனது.

ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. பிள்ளையைச் சுமந்து வந்தவர் சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டும். இறங்கியவன் ஒரு இழுப்பு இழுத்து, அதைத் தலைமாட்டில் மண்ணில் நட்டுவைப்பான். அது கடைசிவரை எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் நோய் வந்த வழியே திரும்பிவிடும்.

சூச்சோ லைட்டரை நீட்டினான். நெரைதா வாங்கிக்கொண்டாள்.

ஒமைரா அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் அதிர்ச்சி இல்லை, கோபமும் இல்லை. நேற்று மாவு பிசைந்தபோது இருந்த அதே முகம்.

நெரைதா சுடரை எலியோவின் வாயருகே கொண்டுபோனாள். எலியோ ஒரு இழுப்பு இழுத்தார். புகையை விட்டு, சிகரெட்டைப் பிள்ளையின் தலைமாட்டில் நட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"அத்தே, அன்னிக்கு ராத்திரி மாதிரியே இன்னிக்கும் உன் கை கொஞ்சம்கூட நடுங்கலயே."

நெரைதா மறுக்கவில்லை. லைட்டரை மூடினாள்.

 நெரைதாவின் கழுத்தைப் பிடிக்கத்தான் ஒமைராவின் கை எழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது. மூன்று மெழுகுவர்த்திகள் அணைந்தன. மண்ணில் நட்ட சிகரெட்டின் கங்கு கறுத்தது.

ஒமைரா முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் அதைக் காற்றுப் படாமல் மறைத்தாள்.

எதிர்ப்பக்கம் நெரைதாவின் கைகள் ஏற்கெனவே இருந்தன. விரலோடு விரல் இடித்தது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

கங்கு மறுபடி சிவந்தது. ஆனிஸ் ஒரு மூச்சு விட்டாள்.

சிகரெட் இன்னும் பாதிகூட எரியவில்லை.