முட்டை அட்டை

"ஏனுங்க, நேத்து மத்தியானம் இங்க டமடமன்னு அடிச்சது யாருங்க?"

அழும் கைக்குழந்தையோடு பழைய விசைத்தறி ஷெட் வாசலில் நின்றாள் பக்கத்து வீட்டு மோகனப்பிரியா. டிரம்ஸ் வாசிக்கும் பிரீத்திகா குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஏழு 'ஹெவி மெட்டல்' ராக் இசைக்குழுக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சூலூரில் தொடங்கும் கச்சேரிக்கூடம் இது. அனுமதிப் படிவத்தில் அக்கம்பக்கத்தாரில் மோகனப்பிரியா ஒருத்தியின் கையெழுத்துத்தான் பாக்கி.

"நான்தானுங்கக்கா, மன்னிச்சுக்குங்க. இப்பச் செவுரு பூராம் முட்டை அட்டை ஒட்டிப்போட்டோம். இனிச் சத்தமே வராதுங்க."

"அதத்தானுங்க கேக்க வந்தேன். வயித்துல இருக்கறப்பவே இந்த ஷெட்டுத் தறிச்சத்தம் கேட்டு வளந்த புள்ளைங்க. தறியெல்லாம் தூக்குனதுல இருந்து கண்ணே மூடல. நேத்துத்தான் அசந்து தூங்குச்சு."

படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"எங்க ஊட்டுப் பக்கத்து அட்டைய மட்டும் பிச்சுப்போடுங்க, அம்மணி."