ஐந்தாவது தாள்

நாலாவது முறையாக இயந்திரம் இளஞ்சிவப்புத் தாளைத் துப்புகிறது. நாலாவது முறையும் கோடுகள் கோழி கிளறிய குப்பையாகக் கிடக்கின்றன. காலையில் அப்பாவுக்கு வந்த நெஞ்சுவலி இதயத்தினுடையதா என்பதை இந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல வேண்டும். மார்பில் ஆறு ரப்பர் குமிழ்களோடு படுத்திருக்கும் அப்பாவோ, திரைக்கு வெளியே நிற்கும் அம்மாவுக்குக் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்கிறார். "வெறும் வாயுடி! சொன்னா கேக்குறியா?" "ஆமா, பெரிய டாக்டரு!" ஈசிஜி எடுப்பவர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். "ஐயா, நீங்க கைய ஆட்டினா அதுவும் சேர்ந்து பதியுது. அம்மா, நீங்களாவது வாயை மூடுங்களேன்!" ஒருவழியாக அறை அடங்குகிறது. ஐந்தாவது தாளில் கோடுகள் தெளிவாக வருகின்றன. அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். "இப்பப் பேசலாமா?" என்கிறார் அப்பா. இவ்வளவு நேரம் எங்களை அதட்டியவர் தாளோடு டாக்டர் அறைக்கு ஓடுகிறார். அம்மாதான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "பேசுங்க," என்கிறாள்.