வெள்ளிக்கிழமை ஐந்து மணி

“அஞ்சு நிமிஷம்தான் மேடம் லேட்டு!” மூச்சிரைக்க ஓடிவந்த பூங்காப் பொறியாளர், ஊஞ்சல்களுக்கான மானிய விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார்.

மாநகராட்சியின் எல்லாத் துறை விண்ணப்பங்களையும் வாங்கி, மானிய வாரியத்துக்கு அனுப்பும் மேடம் அவரை முறைத்தார். “வெள்ளிக்கிழமை அஞ்சு மணின்னு ஒரு மாசமா தொண்டை கிழியக் கத்தறேனே!”

“பசங்க ஊஞ்சலுக்கு ஏங்கிக் கிடக்குதுங்க. கொஞ்சம் மனசு வைங்க.”

“வச்சிட்டுப் போங்க. யார் கையைக் காலைப் பிடிச்சாவது அனுப்பிடறேன்.”

பொறியாளர் தலை மறைந்ததும் உதவியாளர் சிரித்தார். “கடைசி நாள் அடுத்த வெள்ளிதானே மேடம்?”

“நிஜத்தைச் சொன்னா, அடுத்த வெள்ளிதான் இவர் எழுதவே உட்காருவார்.”

இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று மேடமும் சாவகாசமாக இருந்துவிட்டார். அடுத்த வெள்ளி, வாரியத்தின் நாலாவது மாடிக்கு மூச்சிரைக்க ஓடினார்.

“அஞ்சு நிமிஷம்தான் சார் லேட்டு! பூங்கா வரைபடம் மட்டும் பாக்கி.”

வாரிய அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். “திங்கட்கிழமை காலையில வரைபடம் வந்தாகணும். மேலிடத்துல கெஞ்சிப் பார்க்கறேன்.”

நன்றி சொல்லிப் படியிறங்கிய மேடம், மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தார். உள்ளே அதிகாரி போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்த மாநகராட்சிக்கு மட்டும் எப்பவும் நிஜக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முந்தின தேதியைத்தான் சொல்வேன்.”

மேடம் கதவைத் திறந்து, குடையை எடுத்துக்கொண்டார்.

“அவசரப்படாதீங்க சார். அடுத்த வெள்ளி அஞ்சு மணிக்குள்ள வரைபடம் வந்துடும்.”