பதினோராம் படுக்கை

படுக்கை காலியாக இருந்தது.

போர்வையை யாரோ மடித்து வைத்திருந்தார்கள்.

டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டாள். காலை ஆறே முக்கால். இந்தப் பதினோராம் படுக்கை பேச்சியம்மாளுக்கு நேற்று மதியம்தான் பித்தப்பையை எடுத்திருந்தாள்.

இருபத்தெட்டு வருடமாக வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தாள். கிழித்தவர்களுக்கு மறுநாள் புரண்டு படுக்கவே ஆள் வேண்டும்.

மறுநாள் காலை படுக்கை காலி என்றால் ஒரே அர்த்தம்தான்.

நேற்று கிழிக்கவில்லை. நான்கு சின்னத் துளைகள். ஒன்றில் கேமரா. அவள் தனியாகச் செய்த முதல் துளை ஆபரேஷன். கைகள் வயிற்றுக்கு வெளியே வேலை செய்தன. கண்கள் திரையில் இருந்தன. ரத்தக்குழாயை அடைக்கக் கிளிப் போட்டாள்; அது நழுவினால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டும். நன்றாகப் பிடித்திருப்பதாகத்தான் திரையில் தெரிந்தது.

விரலால் தொட்டுப் பார்க்க வழியில்லை.

தொடாமல் எதையும் நம்பிப் பழகியவளில்லை.

இது சரிவராவிட்டால் பழையபடி கத்திதான் என்று கணவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

போனை எடுத்துப் பார்த்தாள். ராத்திரி அழைப்பு எதுவும் இல்லை. அழைக்கக்கூட நேரமில்லாமல் போயிருக்கலாம்.

கிட்டே போய் மெத்தையில் கை வைத்தாள். சூடு ஆறியிருந்தது.

நர்ஸ் கண்ணில் படவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரி ஹேர்ப்பின்னைப் பல்லில் கவ்விக்கொண்டு சடை பின்னிக்கொண்டிருந்தாள். கேட்கப் பயமாக இருந்தது.

கேட்டாள்.

"பேச்சியக்காவா? வராந்தால டீ வந்துருக்குன்னு போயிருக்கா டாக்டரம்மா. எனக்கும் சேத்துதான்."

 டாக்டர் அந்தக் காலிப் படுக்கையிலேயே உட்கார்ந்தாள்.

பேச்சியம்மாள் வந்தாள். ஒரு கை சுவரைத் தடவியபடி. மறு கையில் இரண்டு பேப்பர் கப். மெல்லத்தான் வந்தாள். ஆனால் டீ சிந்தவில்லை.

தன் படுக்கையில் டாக்டரைப் பார்த்ததும் தயங்கினாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா, மொகம் வெளிறிக் கெடக்கு? மொதல்ல இதக் குடிங்க."

"அப்ப எனக்கு?" என்றாள் பக்கத்துப் படுக்கைக்காரி.

டாக்டர் அந்தக் கப்பை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

எழுந்து இடம் விட வேண்டும். நேற்று ஆபரேஷன் ஆனவளை உட்காரச் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

பேச்சியம்மாள் நிற்பதையே டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள்.