கண்ணாடி துடைக்கும் நேரம்

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் சொன்னபடியே, கைக்குட்டையை விட்டுவிட்டு டையின் நுனியால் துடைக்கத் தொடங்கினார்.

அவள் என்றால், என்னை இந்த இன்டர்வியூவுக்கு அனுப்பியவள்; கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிப் பெண். நேரில் பார்த்ததில்லை, போனில் குரல் மட்டும்தான். வேலை போன இந்த ஒரு வருடத்தில் இப்படி எத்தனையோ பேரிடம் பேசியாயிற்று. ஒருவர் என்னைச் சமையல்காரர் வேலைக்கு அனுப்பினார். இன்னொருவர் கடைசிவரை வேறு யாருடைய பெயரையோ சொல்லியே கூப்பிட்டார். இவளும் அதே குட்டையில் ஊறிய மட்டை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏசி எலும்பைக் குடையும் என்றாள். குடைந்தது.

ஜன்னல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், நாற்காலியை நகர்த்தாதீர்கள் என்றாள். கண் கூச உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் கேள்விகூட அவள் சொன்னதேதான். பம்புகளை ஏற்றிக்கொண்டு லாரி வாசலில் நிற்கிறது. ஒரு பம்பில் கசிவு. தரம் பார்ப்பவர் நீங்கள், கையெழுத்துப் போடுவீர்களா?

மாட்டேன் என்றேன்.

"அதுக்கப்புறம் கண்ணாடியைத் துடைப்பார் சார். துடைச்சு மாட்டுற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று போனில் சொல்லியிருந்தாள்.

யாரிடம் சொல்கிறாள்! வாய் மட்டும் இல்லையென்றால் என்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பாள் என் மனைவி. அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இதுவும் கைநழுவினால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

துடைத்துக்கொண்டே இருந்தார்.

'ரொம்ப அவசரமென்றால் வேண்டுமானால்...' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

ஒருவழியாக மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

கதவருகே வந்தவனை நிறுத்தினார்.

"உங்களை அனுப்பின பொண்ணும் பல வருஷம் முன்னாடி இதே வேலைக்கு வந்து இதே நாற்காலியில உக்காந்தவங்கதான். போடமாட்டேன்னு நல்லாத்தான் சொன்னாங்க. நான் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள, வேணும்னா போடுறேன்னுட்டாங்க."

திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தேன். வெயில் இன்னும் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. தான் தோற்ற அறையை இத்தனை வருடம் மறக்காமல் வைத்திருந்து, முகம் தெரியாத எனக்கு அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறாளே, என்ன மனசு இது!

படியிறங்கும்போது போன் அடித்தது. கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை.

"கண்ணாடியைத் துடைச்சாரா சார்?"

"துடைச்சார் மேடம். நான் பேசவே இல்ல."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

போனைக் காதில் வைத்தபடி படியிலேயே நின்றேன். அவளாகப் பேசும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.